அம்பலவாணரின் பூட்டுச் செம்பு

போன கிழமை எங்கள் பித்தளை வேலைக்காரர் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார். சங்கம் மலர் வெளியிடப் போகிறதாம். “பூட்டுச் செம்பைக் கண்டுபிடிச்சது நீங்கள்தானே அண்ணை. அதைப் பற்றி ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோ. இளம் பெடியள் வாசிச்சுப் பெருமைப்படட்டும்” என்றார். பெருமை என்ற சொல்லை மூன்று தரம் சொன்னார். நானும் ஓம் என்றுவிட்டேன். வாசித்தபின் அவருக்குப் பெருமை வந்தால் போடட்டும். வராவிட்டால் அந்த நாலு பக்கத்திலும் வாழ்த்துச் செய்தி போடலாம். வாழ்த்துச் சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்!

இப்போது கடைகளில் வருகிற சோடாப் போத்தலைப் பார்க்கிறேன். வாயில் ஒரு தகர மூடியை மெசின் அடித்துவிடுகிறது. ஒருதரம் கழற்றினால் திரும்ப ஏறாது. யாராவது கைவைத்தால் உடனே தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுக்காக நாங்கள் ஆறு பேர் நாலு மாதம் மண்டையைப் போட்டு உடைத்தோம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

நான் பட்டறையில் சேர்ந்தது இருபதுகளில். பட்டணத்தில், பெரிய கடைக்குப் பின்பக்கம் இருந்த பட்டறை. முதல் வருடம் புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரம் தேய்த்தேன். இரண்டாம் வருடமும் அதுதான். மூன்றாம் வருடம் துருத்தி ஊதினேன். பிறகு தட்ட விட்டார்கள், ஒட்ட விட்டார்கள், கடைசியில் ஈயம் பூச விட்டார்கள். ஈயம் பூசக் கை பழகினவனுக்குத்தான் பட்டறையில் மரியாதை. பித்தளைக்குள் மோரோ தேசிக்காய்ப் புளியோ நின்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும், களிம்பு நஞ்சு. ஆகவே குடிக்கிற பாத்திரம் எதுவானாலும் உள்ளே ஈயம் பூச வேண்டும். இது யாழ்ப்பாணத்தில் அடுப்படிக்குள் போகத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இதை நான் தொடக்கத்திலேயே எழுதிவைக்கிறேன். ‘பாவம், அவனுக்கு அப்போது தெரியாது’ என்று பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது.

முதலாளி கொழும்பில் இருந்தார். பட்டறையை நடத்தியவர் போர்மன் செல்லையா. ரயில்வேயில் வேலை பார்த்து, அங்கே ஒரு கால் நசுங்கி, எங்களிடம் வந்து சேர்ந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஏசுகிற மேலாளுக்குக் கீழே வேலை செய்வது சுகம்; ஏச்சு முடிந்தால் விஷயமும் முடிந்துவிடும். போர்மன் ஐயா ஏசமாட்டார். பதினாறு வயதுப் பெடியனையும் ‘நீர்’ என்றுதான் சொல்லுவார். “நீர் செய்த இந்தப் பேணியை நீர் ஒருக்கால் பாரும்” என்பார். பார்க்க வேண்டும். அவரும் பக்கத்தில் நின்று பார்ப்பார். பிழை எங்கே என்று சொல்லமாட்டார். நாங்களே கண்டுபிடித்துச் சொல்லும்வரைக்கும் நசுங்கின காலை ஊன்றிக்கொண்டு அப்படியே நிற்பார். அதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அவரிடம் இன்னொரு பழக்கம். பட்டறையை விட்டுப் போகிற ஒவ்வொரு குடிபாத்திரத்துக்கும் ஒரு துண்டு எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுப்பார். ‘ஒழுக்கு இல்லை. உட்புறம் முழுவதும் ஈயம் பூசப்பட்டது.’ கையெழுத்து வைக்க முன்னம் பூசினவனைக் கூப்பிட்டுக் கேட்பார்: “உள்ளுக்கு முழுக்கவோ?” “ஓம் ஐயா, முழுக்க.” அதன் பிறகுதான் பேனை தாளில் படும். எங்கள் வாய்ச்சொல்லை அவர் அவ்வளவு நம்பினார். அதுவும் ஒரு தண்டனைதான்.

முப்பதுகளில் ஒருநாள் கொக்குவில் அம்பலவாணர் பட்டறைக்கு வந்தார். தோட்டமும் வளவுமாக வசதியான மனிதர். தமையனாரோடு ஒரு கிணற்றுப் பங்குக்குப் பதினொரு வருடமாக வழக்கு. வழக்குப் பேசுகிறதுதான் அவருக்குத் தொழில், தோட்டம் பொழுதுபோக்கு என்று ஊரில் சொல்லுவார்கள்.

“போர்மன், எனக்கொரு செம்பு வேணும். நான் பக்கத்திலை இல்லாத நேரம் ஒருத்தன் அதுக்குள்ளை ஒண்டும் போட ஏலாமல் இருக்கோணும்.”

“என்ன போடுவினம் எண்டு நினைக்கிறியள்?”

“வேறென்ன, மருந்துதான்.”

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு மருந்து போட்டுவிட்டார்கள் என்றால் அது வைத்தியர் அரைத்துக் கொடுக்கிற மருந்தல்ல. புத்தியைப் பேதலிக்க வைக்கிறதாகவோ ஆளையே முடிக்கிறதாகவோ இருக்கும். அம்பலவாணர் தவணைக்குத் தவணை கோட்டுக்குப் போகிறவர். கடைத் தேத்தண்ணியைக் கையாலும் தொடமாட்டார். கண்ட கண்டவர்கள் குடித்த பேணி என்பார். வீட்டிலிருந்து மோர் கொண்டுபோவார். செம்பைக் கோட்டுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். விறாந்தை வாங்கில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவர் உள்ளே நிற்கிற நேரம் தமையனாரின் ஆட்கள் வெளியே நிற்பார்கள். காவலுக்கு ஓர் ஆளை வைத்தும் பார்த்தாராம். ஆனால் அந்த ஆளையும் தமையனார் கைக்குள் போட்டுவிட்டதாக இரண்டாம் தவணையே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்து மணித்தியாலம் நாக்கு வறள நிற்பாராம், செம்பைத் தொடாமல்.

போர்மன் ஐயா அந்த வேலையை என்னிடம் தந்தார். இலேசான வேலை என்று நினைத்தேன். செம்புக்கு மூடி, மூடிக்குக் கொண்டி, கொண்டிக்கு ஒரு பூட்டு. இரண்டு நாளில் செய்து கொண்டுபோய் வைத்தேன். அவர் அதில் தண்ணீர் நிரப்பி, பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செம்பைப் பட்டறை நடுவில் வாங்கில் வைத்தார். ஆறு பேரையும் கூப்பிட்டார்.

“நான் சாப்பிடப் போறன். திரும்பி வரேக்கை இந்தத் தண்ணி உப்புக் கரிக்கோணும். செம்பு உடையக் கூடாது, பூட்டு உடையக் கூடாது. மற்றதெல்லாம் உங்கடை கெட்டித்தனம்.”

அன்றைக்குப் பட்டறையில் ஒருவரும் சாப்பிடவில்லை. அத்தனை வருடத்தில் அவ்வளவு ஊக்கமாக நாங்கள் எந்த வேலையும் செய்ததில்லை. செம்பின் மூக்குக்குள் கடதாசியைச் சுருட்டிவிட்டு உப்பைக் கொட்டினோம், அரை நிமிட வேலை. போர்மன் ஐயா வந்தார், வாயில் ஊற்றினார், துப்பினார். “உப்பு” என்றார். மூக்கை எடுத்துவிட்டேன். அடுத்த தரம் மூடியின் இடுக்கால் கத்தி முனையில் உப்பு போனது. மூடி செம்பின் கழுத்துக்குள் திருகி இறங்குகிற மாதிரிச் செய்தேன். அந்த முறை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படித்தான் நான் நினைத்தேன். போர்மன் ஐயா செம்பைத் திறந்து மூக்குப்பேணியில் தண்ணீரை வார்த்து அண்ணாந்து குடித்தார். உதட்டில் படாமல் குடிக்க மூக்கு வைத்த பேணி, எங்கள் வீடுகளில் வேறு எதில் குடிப்பார்கள்? துப்பினார். யாரோ பேணியின் உள்ளே உப்புத் தண்ணீரைத் தடவிக் காயவிட்டிருக்கிறான்.

அன்றைக்கு அம்பலவாணரும் பார்க்க வந்திருந்தார். அந்த மனிதருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. “பாத்தீரே போர்மன்! பாத்தீரே! நான் இதைத்தானே வீட்டிலை தலைப்பாடாய் அடிச்சுக்கொண்டனான். ஆர் கேட்டது?” என்று வாங்கில் இருந்து எழும்பிவிட்டார். தன்னைக் கொல்ல ஒரு வழி இருக்கிறது என்று அறிந்து அப்படிப் பூரித்த முகத்தை நான் பிறகு கண்டதில்லை.

ஆகப் பேணியும் செம்புக்குள்ளே போக வேண்டும். மூடிக்குக் கீழே ஒரு வளையம் வைத்து அதில் பேணியைத் தொங்கவிட்டேன். கொண்டிப் பூட்டைப் பிடுங்கிவிட்டு, பூட்டையே மூடிக்குள் வைத்தேன். திறப்பைத் திருப்பினால் இரண்டு நாக்குகள் வெளியே வந்து செம்பின் கழுத்துக்கு உள்ளே மாட்டும். அடுத்த பரீட்சையில் ஒருவன் ஈர்க்கை உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் திறப்பு ஓட்டையால் சொட்டு சொட்டாக விட்டான். இரண்டு மணித்தியாலம் பக்கத்தை விட்டு அசையாமல் விட்டான்! போர்மன் ஐயா அவனுக்கு “நீர் பொறுமைசாலி” என்று சொன்னார். அதனால் பூட்டைச் சுற்றி ஒரு பித்தளைப் பெட்டி அடித்து, அடியை ஒட்டி மூடிவிட்டேன். நாக்கு வந்து போக இரண்டு பக்கமும் இரண்டு கீறல் வாய் மட்டும். திறப்பு ஓட்டையால் எது போனாலும் அந்தப் பெட்டிக்குள் நிற்கும், செம்புக்குள் இறங்காது.

நாலாம் மாதம். போர்மன் ஐயா சாப்பிட்டு வந்து குடித்தார். கொஞ்சம் நின்று திரும்பவும் குடித்தார். “தண்ணி” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரிடம் நான் வாங்கின பாராட்டு அது ஒன்றுதான்.

இனி ஈயம். பாத்திரத்தை நெருப்பில் பழுக்கக் காய்ச்ச வேண்டும், நவச்சாரம் தூவ வேண்டும், ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரே இழுவையில் பரப்ப வேண்டும். செம்புக்குப் பூசினேன், மூடிக்குப் பூசினேன், பேணிக்கும் வளையத்துக்கும் பூசினேன். பூட்டுப் பெட்டியின் உள்ளே பூசவில்லை. பூட்டுக்குள் உருக்குச் சுருள் இருக்கிறது. சூடு பட்டால் அதன் விசை போய்விடும். முதலில் பெட்டிக்குப் பூசிவிட்டுப் பிறகு சுருளை வைத்து ஒட்டியிருக்கலாம். அப்படியானால் ஒட்டினதையெல்லாம் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாலு மாதத்துக்குப் பிறகு ஆருக்கு மனம் வரும்? பெட்டி பூட்டின் பங்கு, குடிக்கிறதின் பங்கு அல்ல என்று எனக்கு நானே ஒரு நியாயம் பேசினேன்.

“உள்ளுக்கு முழுக்கவோ?” என்று கேட்டார்.

“ஓம் ஐயா, முழுக்க.”

பேனை தாளில் பட்டது. திறப்பு இரண்டு. ஒன்றை அம்பலவாணர் அரைஞாணில் கட்டிக்கொண்டார். மற்றது செம்பு கழுவுகிறதற்காக அவருடைய மனைவி பறுவதத்திடம் இருந்தது.

ஐந்து தவணை அந்தச் செம்பு கோட்டுக்குப் போய் வந்தது. இரண்டு தவணையில் வயிற்றைப் புரட்டியதாம். தனக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசியாரின் பேச்சைக் கேட்டதால் வந்த புரட்டல் என்று நினைத்தாராம். ஆறாம் தவணை நல்ல வெய்யில். வழக்கைப் பின்னேரந்தான் கூப்பிட்டார்கள். வெளியே வந்து இரண்டு பேணி மோர் குடித்தவர் விறாந்தையிலேயே சத்தியெடுத்து விழுந்துவிட்டார். ஆசுப்பத்திரியில் டொக்டர் பிழைக்கவைத்துவிட்டார். செம்பிலிருந்த மிச்ச மோரைச் சோதித்துப் பார்த்து, துரிசு மாதிரி ஏதோ கலந்திருக்கிறது என்றும் சொன்னார்.

அம்பலவாணர் வீட்டு மாட்டுக் கொட்டிலில் ஒரு துரிசுக் கட்டி இருந்தது. மாட்டின் குளம்புப் புண்ணுக்குப் போடுகிற, செப்புச் சத்துள்ள நீல நஞ்சுக் கட்டி, அந்த ஊரில் பாதி வீட்டில் இருந்திருக்கும். பொலிசு அதைக் கண்டுபிடித்தது. மோர் கரைத்தது பறுவதம் அம்மா. இரண்டாம் திறப்பு பறுவதம் அம்மாவிடம். போதாததற்கு, அந்த அண்ணன் தம்பி இருவரும் கட்டினது அக்காள் தங்கையை. எதிராளியின் மனைவி பறுவதம் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. “உந்தக் கிணத்துத் தண்ணியைப் பங்குபோட்டு ஆர் சாகேக்கை கொண்டுபோறது?” என்று பறுவதம் அம்மா நாலு பேர் கேட்கச் சொல்லியும் இருக்கிறார். இது போதும் என்றார் அம்பலவாணர், ஆசுப்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே. அன்றைக்கே அந்த மனுசியைப் பிடித்து மறியலில் அடைத்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பொலிசுக்காரர் செம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். “திறப்பில்லாமல் இதைத் திறக்கேலுமோ?” என்று கேட்டார். போர்மன் ஐயா என்னைக் காட்டி, “செய்தவர் இவர்தான். இவரைக் கேளுங்கோ” என்றார்.

நான் மூடியைக் கையில் வாங்கினேன். தூக்கும்போதே பாரம் பிழைத்தது. காதருகே வைத்து ஆட்டினேன். பெட்டிக்குள் ஏதோ களக் களக் என்றது. வண்டியில் கொண்டுபோகிறபோது மோர் தளம்பி, நாக்கு வருகிற கீறலால் உள்ளே போயிருக்கிறது. போனது முழுவதும் வெளியே வராது. அடி ஒட்டி மூடிய பெட்டி, கழுவவும் முடியாது. ஈயம் இல்லாத பித்தளைக்குள் புளித்த மோர் மாதக்கணக்காக நின்று களிம்பாகி, தளம்புகிற நேரமெல்லாம் திரும்பச் செம்புக்குள் இறங்கியிருக்கிறது. மூடியைச் சரித்தேன். என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. கிளிப்பச்சை.

கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தேன்.

“திறப்பில்லாமல் ஒருத்தராலையும் திறக்கேலாது” என்றேன். அது உண்மை. என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளில் அதுபோல ஒரு கேவலமான உண்மை வேறில்லை. பொலிசுக்காரர் அதை எழுதிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பட்டறைக்கு யோகம் அடித்தது. வெளி ஆள் யாரும் கைவைக்க முடியாத செம்பு என்று பொலிசே சொல்லிவிட்டதாம்! அரியாலையிலிருந்து ஒருவர் வந்தார், குருநகரிலிருந்து ஒரு வள்ளக்காரர் வந்தார். தங்கள் குடிதண்ணீரில் யாருக்கோ கண் இருக்கிறது என்று ஊரில் இவ்வளவு பேர் நினைத்துக்கொண்டிருப்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. நான் குந்தியிருந்து செம்பு செய்தேன். இந்த முறை பெட்டிக்குள்ளும் ஈயம் பூசினேன், ஒருவரும் பாராத நேரம் பார்த்து. ஆருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. சொல்லாததற்கு என்னிடம் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. டொக்டர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். பிரக்கிராசியார் கெட்டிக்காரர். என் வேலை போனால் வீட்டில் அம்மாவும் தங்கச்சியும். போர்மன் ஐயாவின் கையெழுத்து என்ன ஆவது? ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது.

பத்தாம் நாள் அம்பலவாணரின் தமையனாரே ஒரு பூட்டுச் செம்புக்குச் சொல்லிவைக்க வந்தார். தம்பி இனித் தனக்கு ஏதும் செய்வான் என்று பயமாம். கூட அவருடைய மனைவியும் வந்திருந்தார், பறுவதம் அம்மாவின் தங்கை. தமையனார் போர்மன் ஐயாவோடு கதைத்துக்கொண்டு நிற்க, அந்த அம்மா நான் இருந்த இடத்துக்கு வந்தார்.

“தம்பி, நீதானே இது செய்தது? ஒருத்தராலையும் திறக்கேலாதோ? வடிவாய் யோசிச்சுச் சொல்லு. ஒரு சின்ன வழியும் இல்லையோ?”

“இல்லை அம்மா.”

“அக்கா மறியல்லை தண்ணியும் குடிக்கிறா இல்லையாம்” என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர்கள் போனதும் நான் போர்மன் ஐயாவிடம் போனேன். பெட்டியைச் சொன்னேன், பச்சைச் சொட்டைச் சொன்னேன். அவர் இருந்த கதிரையில் அப்படியே இருந்தார்.

“நீர் முழுக்க எண்டு சொன்னீர்.”

“ஓம் ஐயா.”

“நானும் முழுக்க எண்டு எழுதி வைச்சன்.”

“ஓம் ஐயா.”

“எப்ப கண்டீர்?”

“பொலிசு வந்த அண்டைக்கு.”

 ஏசுவார், இந்த ஒருமுறையாவது ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எழும்பி ஒரு கொப்பியை எடுத்தார். “கோட்டிலை சந்தேகத்தைச் சொல்லேலாது. பரீட்சிச்சதைத்தான் சொல்லலாம். தவணைக்கு எட்டு நாள் கிடக்கு” என்றார்.

அதே மாதிரி ஒரு செம்பை அன்று இரவே செய்யச் சொன்னார், பெட்டிக்குள் ஈயம் இல்லாமல். அதில் தேசிக்காயும் உப்பும் விட்ட மோரை நிரப்பினார். ஒரு மாட்டு வண்டி பிடித்து, நசுங்கின காலோடு ஏறியிருந்து, செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொக்குவிலுக்குப் போய்த் திரும்பி வந்தார். செம்பைக் கழுவி அடுத்த நாளும் மோர் ஊற்றிக்கொண்டு போனார். எட்டு நாளும் போனார். வேறு ஒருவரைத் தொட விடவில்லை. போன நேரம், வந்த நேரம், மோரின் நிறம், மணம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். அவருக்கு அது நேர்மை. பறுவதம் அம்மாவுக்கு அது இன்னும் எட்டு நாள் மறியல். ‘ஐயா, இண்டைக்கே போய்ச் சொல்லுவம்’ என்று நான் கெஞ்சினதாக எழுத எனக்கும் ஆசைதான். நான் கெஞ்சவில்லை. எட்டு நாள் தவணை கிடைத்ததே என்று உள்ளுக்குள் ஆறுதலாகக்கூட இருந்தது.

பதினெட்டாம் நாள் கோடு. என்னைப் பொலிசு தரப்புச் சாட்சியாகத்தான் கூப்பிட்டார்கள். திறப்பில்லாமல் திறக்கலாமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். போதும், இறங்கலாம் என்றார்கள்.

நான் இறங்கவில்லை. “இதைத் திறக்கத் தேவையில்லை ஐயா. நஞ்சு மூடிக்குள்ளையே கிடக்கு” என்றேன். மொழிபெயர்க்கிற முதலியார் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நான் சொன்ன ஏழெட்டுச் சொல்லை இங்கிலீசில் ஒரு பிரசங்கமாகச் சொன்னார். நீதவான் கதிரையில் முன்பக்கம் சாய்ந்து கேட்டார். அனுமதி வாங்கி, உளியால் பெட்டியின் அடியைப் பெயர்த்தேன். பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு அப்பிக்கிடந்தது. போர்மன் ஐயா தன்னுடைய செம்பையும் கொப்பியையும் கொண்டுவந்து வைத்தார். அதையும் பெயர்த்தோம். அதுவும் பச்சை.

“ஈயம் பூசாமல் விட்டது யார்?” என்று நீதவான் கேட்டார்.

“நான்தான் ஐயா.”

ஒரு தொழிலாளி தன் பிழையைத் தானே வந்து ஒப்புக்கொண்டது மெச்சத்தக்கது என்று நீதவான் சொன்னாராம். முதலியார் அதை எனக்கு அழகான தமிழில் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதை எல்லோரும் அடக்கம் என்று நினைத்தார்கள்.

பறுவதம் அம்மாவை விட்டுவிட்டார்கள். அம்பலவாணர் எழும்பி நின்றார். அவருடைய முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். “அப்ப... எனக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையோ?” என்று கேட்டார். யாரோ சிரித்துவிட்டார்கள். பதினொரு வருடம் காத்திருந்த ஒரு கொலைகாரனைக் கோடு அவரிடமிருந்து பறித்துவிட்டது. மனிதர் அன்றைக்கு இடிந்துபோனது மாதிரி நான் செத்த வீட்டிலும் ஒருவரைக் கண்டதில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெளியே போன செம்பு எல்லாவற்றையும் போர்மன் ஐயா திரும்ப எடுப்பித்து, பூட்டை மூடிக்கு வெளியே மாற்றச் சொன்னார். பூட்டு வெளியே தெரிந்தால் அயலவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று வாங்கினவர்களே சண்டைக்கு வந்தார்கள். என்னை வேலையால் நிறுத்தவில்லை. அவர் போனபின் அந்த இடம் எனக்கே வந்தது. யுத்தத்தோடு பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்து அலுமினியம் இறங்கியது, பூட்டுச் செம்பு நின்றுபோனது. அம்பலவாணர் அடுத்த மாதமே வந்து, முழுக்க ஈயம் பூசின ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கிணற்று வழக்கு பிறகும் நாலு வருடம் நடந்தது. பறுவதம் அம்மா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை, தங்கையோடு இருந்து போன வருடம் காலமானார்.

இனி எழுத இருப்பது அன்றைக்குக் கோட்டு வாசலில் நடந்தது மட்டும்.

நானும் போர்மன் ஐயாவும் படியால் இறங்கிக்கொண்டிருந்தோம். பறுவதம் அம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையை விட்டுவிட்டு வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

“தம்பி, பதினெட்டு நாளும் யோசிச்சு யோசிச்சு எனக்குத் தலை பிழைச்சுப் போச்சு. நான் ஒண்டும் போடேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் சொல்லச் சொல்ல, மாட்டுக்குத் துரிசு தடவின கையைக் கழுவாமல் நான்தான் மோர் கரைச்சிட்டனோ எண்டு வந்திட்டுது. கையை மணந்து மணந்து பாத்தன். இண்டைக்கு ஓம், நான்தான் எண்டு சொல்லிப்போட்டு விடுவம் எண்டுதான் கோட்டுக்கு வந்தனான்.”

நான் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உனக்கு எப்ப தம்பி தெரியவந்தது?”

போர்மன் ஐயா பக்கத்திலேயே நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை.

“பரீட்சை முடிஞ்ச பிறகுதான் அம்மா. நேற்று” என்றேன்.

போர்மன் ஐயா நசுங்கின காலை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

“தெரிஞ்ச உடனை ஓடிவந்து சொல்லிப்போட்டாய்” என்று அந்த மனுசி என் தலையில் கையை வைத்தார். “வேறை ஆரும் எண்டால் மறைச்சிருப்பாங்கள். நீ நல்லாயிருப்பாய், ராசா.”

“ஓம் அம்மா” என்றேன்.